விடுதலைக் குழு விலங்காவது எப்போது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி செல்பவர்கள் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் உவர்நீர், வரப்புகளின்மேல் குவித்து வைத்த உப்பு, வெறுங்காலோடு நடமாடும் மனிதர்கள். அவர்கள் விடியுமுன்னரே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறிக்கும். பாதம் வெடித்து, அந்த வெடிப்பில் உப்புநீர் இறங்கும். மாலையில் உடம்பு வலிக்கிறது என்று தொடங்கிய குடி சில ஆண்டுகளில் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவைப்படும் குடியாகிவிடுகிறது.

இப்பகுதி மாணவன் ஒருவன் 2023 ஆகஸ்டில் ஒருநாள் ஆய்வுக்கூட வேலை முடிந்த பிறகு என்னிடம் வந்து நின்றான். அவன் தந்தை உப்பளத் தொழிலாளி. அந்த ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மரக்காணம், செங்கல்பட்டு ஆகிய இரு பகுதிகளிலுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடித்தது சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று பின்னர் தெரிந்தது. மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது, பிறகு உயிரை. என் மாணவனின் தந்தை அன்று அந்தச் சாராயத்தைக் குடிக்கவில்லை. குடிக்காமல் போனது வெறும் தற்செயல் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாயார் அச்சத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"குடியை நிறுத்துற இடம் ஒண்ணு இருக்காம் சார். மாமா சொன்னாரு. ஆறு மாசம் யாரும் போய்ப் பார்க்கக் கூடாதாம். மருந்து மாத்திரை எதுவும் கிடையாதாம். அங்க இருக்கிறவங்க எல்லாரும் முன்னாடி குடிச்சவங்கதானாம். அம்மா கையெழுத்துப் போடப் போறாங்க. சேர்க்கலாமா சார்?"

நான் சேர்க்கச் சொன்னேன். கட்டுப்பாடு நல்லதுதானே என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த விடை தவறு. அது ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அப்போது படித்ததையும் கேட்டதையும் தொகுத்துத் தருவதே இக்கட்டுரை. இல்லத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை.

கூட்டுறவின் வலிமை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடிநோயிலிருந்து மீள்வதற்குக் குழு உதவுகிறது. இது வெறும் நம்பிக்கை அன்று, அளந்து பார்க்கப்பட்ட உண்மை.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் நொந்தவர்கள். ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனிடம் மனம் விட்டுப் பேசினால் இருவருக்குமே அன்றைய பொழுது குடியின்றிக் கழிகிறது என்பதே அவர்கள் கண்டறிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது. 2020இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரின் விவரங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் இடைவிடாமல் குடிக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காடு. மனப்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளில் இது 35 விழுக்காடு. வேறுபாடு மலையளவு இல்லைதான். ஆனால் கட்டணமே இல்லாத ஒரு கூட்டம், கட்டணம் வாங்கும் சிகிச்சைக்கு இணையாகவும் சற்று மேலாகவும் நிற்கிறது என்பது சிறிய செய்தி அல்ல.

நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடியைத் தொடாமல் இருப்பதைக் கண்டிருக்கிறோம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர், ஊரார் முன்னிலையில் சொன்ன சொல்லுக்காகவே சாராயக் கடைப் பக்கம் போகாமல் இருப்பார். பிறர் கண் நம்மேல் இருக்கிறது என்பதும், நம்மைப் போலவே இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதும் மனித மனத்தில் பெரிய ஆற்றல்கள். இந்த ஆற்றல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சினனான்: ஒரு நல்ல தொடக்கத்தின் கதை

ஏ.ஏ. கூட்டங்களில் குடியை விட்டவர்களுள் சார்லஸ் டெடெரிச் என்பவரும் ஒருவர். பேச்சில் வல்லவர். 1958இல் கலிபோர்னியா மாநிலத்துச் சாந்தா மோனிகா நகரில், வேலையற்றோருக்கான உதவித் தொகையாகக் கிடைத்த 33 டாலரை வைத்துக்கொண்டு அவர் ஒரு குழுவைத் தொடங்கினார். அதன் பெயர் சினனான். ஏ.ஏ. குடிகாரர்களோடு நின்றது; டெடெரிச் ஹெராயினுக்கு அடிமையானவர்களையும் சேர்த்துக்கொண்டார். அன்று மருத்துவர்கள் பலர் கைவிட்டவர்கள் அவர்கள். வந்தவர்கள் அங்கேயே தங்கினர், ஒன்றாக உழைத்தனர், ஒன்றாக உண்டனர். பலர் உண்மையாகவே போதைப்பொருளை விட்டனர். செய்தித்தாள்கள் பாராட்டின. நீதிபதிகள் குற்றவாளிகளை அங்கே அனுப்பி வைத்தனர்.

அங்கே "விளையாட்டு" என்றொரு வழக்கம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்வர். ஒருவரை நடுப்பொருளாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் அவருடைய பொய், சோம்பல், கோழைத்தனம் எல்லாவற்றையும் கத்தி உரைப்பர். அடிக்கக் கூடாது, மற்றபடி எதையும் சொல்லலாம். பொய் சொல்லியே பழகிய போதையடிமைக்கு இது கசப்பு மருந்தாக உதவுகிறது என்றனர். சிலருக்கு உதவியும் இருக்கலாம்.

1960களின் பிற்பகுதியில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை, குணமானவர் வெளியே போகலாம். இனி யாரும் முழுமையாகக் குணமாவதில்லை, ஆகவே யாரும் வெளியே போக வேண்டியதில்லை, வாழ்நாள் முழுதும் இங்கேயே இருப்பதுதான் மருந்து என்றார் டெடெரிச். இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நடந்தவை யாவும் இதிலிருந்தே கிளைத்தன. 1970களின் நடுவில் சினனான் தன்னை ஒரு மதம் என்று அறிவித்துக்கொண்டது. ஆண்களும் பெண்களும் தலையை மழித்துக்கொண்டனர். 1977இல் ஆண்கள் கருத்தடை அறுவைக்கு நெருக்கப்பட்டனர்; டெடெரிச் மட்டும் விலக்கு. அதே ஆண்டு அவருடைய மனைவி இறந்தார். அவர் வேறொருவரை மணந்துகொண்ட பின், மற்றத் தம்பதியரும் பிரிந்து வேறு துணை தேடிக்கொள்ளும்படி சொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் அப்படியே செய்தனர்.

1978 அக்டோபரில், சினனானுக்கு எதிராக வழக்காடி வென்ற பால் மொராண்ட்ஸ் என்னும் வழக்கறிஞர் தம் வீட்டு அஞ்சல் பெட்டிக்குள் கையை விட்டார். உள்ளே இருந்த கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தது. ஓசை எழாதிருக்க அதன் வால் கிலுகிலுப்பையை முன்னரே நறுக்கியிருந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பாம்பை வைத்தவர்கள் சினனான் உறுப்பினர்கள். அவ்வாண்டு டிசம்பரில் காவலர்கள் டெடெரிச்சைக் கைது செய்யச் சென்றபோது அவர் குடிபோதையில் இருந்தார். 1980இல் அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் தண்டனையை ஏற்றார். 1991இல் சினனான் கலைந்தது. இதையெல்லாம் வெளிக்கொணர்ந்த பெருமையில் பெரும்பங்கு பாயிண்ட் ரேயஸ் லைட் என்னும் மிகச் சிறிய வார ஏட்டுக்கு உரியது. 1979இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எந்த டிகிரியில் கசந்தது?

சினனான் எந்த நாளில் கெட்டது என்று கேட்டால் ஒரு நாளைச் சுட்டிக் காட்ட முடியாது. எங்கள் பகுதி உப்பளத்தையே உவமையாகச் சொல்லத் தோன்றுகிறது. உவர்நீரின் அடர்த்தியை மிதவைக் கருவியால் அளப்பதை அங்கே டிகிரி பார்ப்பது என்பார்கள். அது பாமே என்னும் பிரெஞ்சுக்காரர் வகுத்த அளவு. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. 25 டிகிரியில் சோற்றுப்பு விளையத் தொடங்குகிறது. ஏறத்தாழ 30 டிகிரியை எட்டுமுன் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து விளைந்த உப்பும் கசந்துவிடும். அதே நீர், அதே பாத்தி, அதே வெயில். வெளியேற்றும் மடை திறந்திருந்ததா என்பது ஒன்றே வேறுபாடு.

மடை அடைபட்ட குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதை உளவியலார் ஓரளவு ஆராய்ந்திருக்கிறார்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்பவர் செய்த சோதனையைக் கல்லூரி மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆஷ் ஏற்பாடு செய்தவர்கள். அவர்கள் ஒருமித்துத் தவறான விடையையே சொன்னார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? பலமுறை திரும்பத் திரும்பச் செய்ததில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் அவரும் தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். நான்கில் மூவர் ஒரு முறையேனும் இடறினர். இச்சோதனையின் இன்னொரு பகுதியே எனக்கு மேலும் முக்கியமாகப் படுகிறது. உண்மையைச் சொல்லும் கூட்டாளி ஒருவரை, ஒரே ஒருவரை, அந்த அறையில் சேர்த்தவுடன் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. மாற்றுக் கருத்துச் சொல்பவனை இத்தகைய குழுக்கள் ஏன் முதல் வேலையாக வெளியேற்றுகின்றன அல்லது வாயடைக்கின்றன என்பது இதிலிருந்தே விளங்கும்.

திருவிழாவில் ஒலிபெருக்கி திடீரென்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். குழாயிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைகிறது, பெருக்கப்பட்டு மறுபடி குழாய்க்கு வருகிறது, மறுபடி நுழைகிறது. பாடகர் வாயை மூடிக்கொண்டாலும் ஊளை நிற்பதில்லை. இயற்பியலில் இதை நேர்ப் பின்னூட்டம் என்போம். மைக்கைத் திருப்பி வைத்தால் போதும், வளையம் அறுந்துவிடும். ஆறு மாதம் வெளியார் குரலே நுழையாத ஓர் இல்லத்தில், தலைவரின் சொல் உறுப்பினர் வாய் வழியே தலைவருக்கே திரும்பி வருகிறது, முன்னினும் உரக்க. அது எல்லோருடைய அனுபவமும் ஆகும் என்று அவர் உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார். எல்லாத் தலைவர்களும் முதல் நாளே ஏமாற்றுக்காரர்களாக வருவதில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று: துன்பப்பட்டு நுழைந்த இடத்தை மனிதன் எளிதில் குறை சொல்ல மாட்டான். 1959இல் ஆரன்சன், மில்ஸ் ஆகிய இருவர், கூச்சம் தரும் ஒரு தேர்வுக்குப் பின்னரே சேர முடிந்த ஒரு குழுவையும் எளிதாகச் சேர முடிந்த குழுவையும் ஒப்பிட்டனர். இரண்டிலும் கேட்டது ஒரே சலிப்பூட்டும் உரையாடல்தான். கடினத் தேர்வு கடந்து வந்தவர்களே அதைச் சுவையானது என்று உயர்த்திப் பேசினர். மகனையும் மனைவியையும் விட்டு, மொட்டையடித்துக்கொண்டு, ஆறு மாதம் தரையில் படுத்தவர், இவ்வளவும் வீண் என்று எப்படிச் சொல்வார்?

கணக்கில் ஒரு சூது

"எங்களிடம் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குடிப்பதில்லை" என்று என் மாணவனின் தாயாரிடம் சொன்னார்களாம். கணக்காசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 100 பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதத்தில் 60 பேர் தாங்க முடியாமல் போய்விட்டார்கள். மீதி 40 பேரில் 36 பேர் குடிக்கவில்லை. 40இல் 36 என்பது நூற்றுக்குத் தொண்ணூறுதான், பொய் இல்லை. ஆனால் சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 36தான். போன 60 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டால், "போனவர்கள் குடித்துச் செத்தார்கள்" என்பது விடை. யார் போய்ப் பார்த்தது? ஒருவரும் இல்லை. குடிக்காமல் இருந்தால் இல்லத்தின் பெருமை, குடித்தால் அவன் மனதில் உறுதி இல்லை. எந்த முடிவு வந்தாலும் தவறாக முடியாத ஒரு கூற்றை அறிவியல் ஏற்பதில்லை. நம் மாணவர்களுக்கு இதை முதல் ஆண்டிலேயே கற்பிக்கிறோம். நான் கற்பித்தும் இருக்கிறேன், அன்று மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள்

மருந்து கிடையாது என்ற விதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர் போகும் இடம் அதுவே.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளையை இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு கதவை நீங்கள் ஒருபுறம் தள்ளுகிறீர்கள். மறுபுறம் ஒருவன் அதே விசையோடு எதிர்த்துத் தள்ளுகிறான். கதவு அசையாமல் நிற்கிறது. சாராயம் மூளையின் அடக்கும் வேதிப்பொருளான காபாவின் விளைவைக் கூட்டுகிறது. சமநிலைக்காக மூளை, கிளர்ச்சி தரும் குளூட்டமேட்டின் பக்கத்தை ஆண்டுக்கணக்கில் வலுப்படுத்தி வைத்துக்கொள்கிறது. இப்போது சாராயத்தைத் திடீரென்று நிறுத்தினால்? நீங்கள் கதவை விட்டு விலகியது போலாகும். மறுபுறம் தள்ளியவன் அதே வேகத்தில் உள்ளே வந்து விழுகிறான். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், நினைவு குழம்பும், காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். மருத்துவம் இல்லாவிடில் இது கொல்லும். ஹெராயினை நிறுத்துவது பெரும் வேதனை என்றாலும் நலமுள்ள பெரியவர்களை அது கொல்வது அரிது. சாராயமோ நிறுத்தும்போதும் கொல்லக்கூடியது. இதை நம் மக்களில் பெரும்பாலோர் அறிய மாட்டார்கள்.

மருத்துவமனையில் செய்வது பெரிய மாயமன்று. டயாசிபாம் வகை மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, மறுபுறம் தள்ளுபவனை மெல்ல மெல்லப் பின்வாங்க வைக்கிறார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுகிறார்கள். அது குறைந்தால் மூளையில் நிலையான சேதம் விளையும். ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கட்டம் முடிந்துவிடும். குழுவின் வேலை அதன் பிறகுதான்.

என் மாணவனின் தந்தைக்கு அந்த இல்லத்தில் இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். "எல்லாரும் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்றார்களாம். அங்கே சமையலுக்கு இருந்த ஒருவர் மனம் கேளாமல் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதால் மூன்றாம் நாள் காலை மாமனும் மகனும் போய், வாசலில் சண்டையிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனை சேர்ந்தார்கள். ஆஷ் சோதனையின் அந்த ஒரே கூட்டாளியை நான் நினைத்துக்கொண்டேன்.

பூட்டிய கதவுகள்

இது நம் பகுதியில் முதல் நிகழ்ச்சி அல்ல. அதே 2023 பிப்ரவரியில், எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர், மனநோயாளிகள், குடிநோயாளிகள் ஆகியோரை வைத்திருந்த ஓர் ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டதில்தான் அது வெளிப்பட்டது. அடித்தல், கட்டிவைத்தல், பாலியல் கொடுமை, ஆட்கள் காணாமற்போதல் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. அவற்றின் உண்மையைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். அது சினனானைப் போன்ற குழுவும் அல்ல. ஆனால் உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது என்ற ஒரு நிலை இரண்டுக்கும் பொது. அச்செய்தியை ஆறு மாதத்துக்கு முன்பு நானே படித்திருந்தேன். படித்தும் மாணவனிடம் சேர்க்கச் சொன்னேன்.

2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினர். அதற்குப் பின் எழுந்த குரல்களின் நெடிய விளைவுகளில் ஒன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். குடியாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்தின்படி மனநோயில் அடங்கும். அவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியிடக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்றுகூட அதில் தனியே எழுதியிருக்கிறது. சினனானின் மழித்த தலைகளைப் பற்றிப் படித்த பிறகு, அந்த ஒரு வரி அங்கே ஏன் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

ஏ.ஏ.யும் விலக்கல்ல

ஏ.ஏ.யைத் தொடங்கியவர்கள் இந்த ஆபத்தை ஓரளவு முன்னுணர்ந்தார்கள் என்றே தோன்றுகிறது. 1946இல் எழுதி 1950இல் ஏற்றுக்கொண்ட அவர்களுடைய பன்னிரண்டு மரபுகளைப் படித்தால், குடியைப் பற்றியதைவிடப் பதவியையும் பணத்தையும் பற்றியதே மிகுதி. தலைவர்கள் ஊழியர்களே, ஆள்பவர்கள் அல்லர். வெளியார் பணம் வாங்கக் கூடாது. சேர்வதற்குக் குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. பெயர் வெளியே வரக் கூடாது. ஆகவே புகழும் கிடையாது. மடையைத் திறந்து வைக்கும் விதிகள் இவை.

ஆனால் ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது என்பதும் அம்மரபுகளில் ஒன்று. இது இருபுறமும் வெட்டும் கத்தி. 2007இல் வாஷிங்டன் நகரத்து மிட்டவுன் என்னும் ஏ.ஏ. குழுவைப் பற்றி அமெரிக்க ஏடுகள் எழுதின. மனநோய் மருந்துகளை நிறுத்தும்படி வற்புறுத்தினார்கள், வெளி நண்பர்களோடு உறவை அறுக்கச் சொன்னார்கள், இளம்பெண்களை வயது முதிர்ந்த உறுப்பினர்களோடு இணங்க வைத்தார்கள் என்பவை முன்னாள் உறுப்பினர்களின் முறையீடுகள். தலைமை அலுவலகத்தால் அக்குழுவைக் கலைக்க முடியவில்லை. அந்த அதிகாரம் அதற்கு இல்லை. உறுப்பினர் எவரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பது ஏ.ஏ.யே வெளியிட்ட அறிவுரை. அறிவுரை வேறு, நடப்பு வேறு.

இதற்கு மாறான வழியும் நம் நாட்டிலேயே உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்கே மருத்துவமும் உண்டு, குழுவும் உண்டு. குடும்பத்தாருக்கென்று தனிப் பயிற்சியும் உண்டு. குடும்பத்தை வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்தது அதன் தனிச்சிறப்பு. அந்த அமைப்பு 1989இல் தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் முகாம் நடத்தத் தொடங்கியபோது, ஊரே அதைத் தாங்கி நின்றது. சிகிச்சை பெறுபவரை ஊர் பார்த்தது, ஊரை அவர் பார்த்தார்.

ஆகவே உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படிக் கையெழுத்துப் போடும் நிலை வந்தால், முதல் நான்கு நாளைக்கு மருத்துவர் யார் என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது தனியாக, அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்காமல், நோயாளியோடு பேசலாமா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். "அவருக்கு இது ஒத்துவரவில்லை, வேறிடம் போனார்" என்று இயல்பாகச் சொன்னால் எனக்கு அந்த இடத்தின்மேல் நம்பிக்கை பிறக்கும். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். வீட்டில் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லும் குடிமறப்பு மருந்துகளையும் வாங்காதீர்கள். அவற்றில் டைசல்ஃபிரம் இருந்தால், அதன்மேல் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல உதவிக்கு 14416.

என் மாணவனின் தந்தை பத்து நாள் அரசு மருத்துவமனையில் இருந்து திரும்பினார். பிறகு இரண்டு முறை குடித்தார். ஒருமுறை பொங்கலுக்கு, ஒருமுறை கூலித் தகராறில். மகன் அவரைப் புதுச்சேரியில் நடக்கும் ஒரு திறந்த கூட்டத்துக்கு அழைத்துப் போனான். எனக்கு அச்சம்தான். அடுத்த வாரம் விசாரித்தேன்.

"தேநீர் கொடுத்தாங்க சார். அப்பா ஒண்ணும் பேசல, கேட்டுக்கிட்டே இருந்தாரு. காலையில மூணு மணிக்கு உப்பு வார எழுந்திருக்கணும்னு பாதியிலேயே கிளம்பிட்டாரு."

"யாராவது ஏதாவது சொன்னார்களா?"

"இல்ல சார். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டாங்க."